உடவளவைக் காவல்வனம்

தோற்றுவாய்

தமிழ் மக்கள் யானையை நன்கறிந்தவர்கள். வேழம், கைம்மா, களிறு, பிடி, பகடு, கரி என அதற்கு அவர்கள் இட்டு வழங்கிய பெயர்கள் பல. தொல்காப்பியர் மரபியலிலே விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர் என்பவற்றை வகுத்துரைக்குமிடத்து, பிடி என்னும் பெண்பெயர் யானைக்கே உரியதென வரையறுத்துச் செல்கின்றார். குறிஞ்சித்திணைச் செய்யுட்களிலே தினைப்புனத்தை மேயவரும் யானையும், பரண்மீதிருந்து அதனை வெருட்டும் கானவரும் பலகாலும் இடம்பெறுகின்றனர். யானைக்கும் உழவனுக்கும் இடையே நிகழும் போராட்டம் என இக்காலத்து அறிஞர் ஆராயும் பொருள் சங்கச் சான்றோர்க்குப் புதியதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத்திலே காட்டின் நடுவே புனம் இருந்தது. இக்காலத்திலே புனங்களின் நடுவே காடு இருக்கின்றது.

அங்ஙனம் எஞ்சிநிற்கும் காடுகளுள் ஒன்று உடவளவை. சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்திலும் ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்திலும் பரந்து கிடக்கும் இதனை அரசாங்கம் தேசிய பூங்கா என வழங்கும். பூங்கா என்னுஞ் சொல் பூஞ்செடிகளையும் நடைபாதைகளையும் நினைப்பூட்டுமாதலின், இக்கட்டுரையில் இதனைக் காவல்வனம் என்றே குறிப்பிடுவாம். இவ்வனம் தோன்றிய காரணம், அங்குக் காணத்தக்கவை, அது ஆற்றும் பணி, அப்பணியின் எல்லை ஆகிய நான்கனையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கரவனெல்லையிலுள்ள எம் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரோடு அவ்விடஞ் சென்று கண்டவையும் வேண்டுமிடத்துக் கூறப்படும்.

மலைநாட்டு யானைக்கு நேர்ந்தது

விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. கௌடலியரின் அருத்தசாத்திரம் யானைக்காட்டிற்கெனத் தனி அதிகாரியை நியமித்து, யானையைக் கொன்றவனுக்கு மரணதண்டனை விதிக்கின்றது. கன்றையும், கருவுற்ற பிடியையும், கன்றுக்குப் பால் கொடுக்கும் பிடியையும் பிடித்தலாகாது என்றும் அந்நூல் விலக்குகின்றது. இலங்கையிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட நிசங்கமல்லன் அநுராதபுரத்தைச் சூழ ஏழு காவத எல்லைக்குள் விலங்குகளைக் கொல்லலாகாது எனப் பறையறைவித்த செய்தியைக் கல்வெட்டால் அறிகின்றோம். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. இவ்விதிகள் அருளினால் மட்டும் எழுந்தவையல்ல. யானை அரசனுடைய உடைமை. போருக்கும் விழாவுக்கும் வாணிகத்துக்கும் வேண்டப்பட்டது. காவலும் பயனும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தரும் யானையை ஏற்றுமதிப் பண்டமாகவே நோக்கினர். மாத்தறைப் பகுதியிற் பிடிக்கப்பட்ட யானைகள் தீவின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை கால்நடையாகச் செலுத்தப்பட்டு, யாழ்ப்பாணத்திலே இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்து அவை குடாநாட்டினுள் இறங்கிய துறையே ஆனையிறவு எனப் பெயர்பெற்றது. யானையே இல்லாத ஒரு நிலப்பகுதியில் அதன் பெயர் இன்றும் நிலைத்திருத்தல் வியப்பன்றோ?

எனினும், யானையின் வாழ்விடத்தை அழித்தது அவ்வாணிகமன்று. பிரித்தானியர் காலத்துப் பெருந்தோட்டமே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையுறுதி காட்டப்படாத காடுகளையெல்லாம் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அக்காடுகள் துரைமாருக்கு விற்கப்பட்டன. மலைச்சரிவுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி வீழ்ந்தபின் அவ்விடத்தைத் தேயிலை கவர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலைப் பகுதியிலும் இறப்பரும் பரவியது. மரத்தை வீழ்த்தியோருட் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர்; எரிந்த நிலத்தைத் துப்புரவாக்கிக் குழிவெட்டி நாற்று நட்டோர் பெரும்பாலும் தென்னிந்தியாவினின்றும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோரே.

அதே காலத்தில் யானை பயிருக்குப் பகை எனக் கருதப்பட்டது. அதனைச் சுடுதல் துரைமாரின் பொழுதுபோக்காகவும் இருந்தது. பதுளையிற் பதவிவகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானையைக் கொன்றோருக்கு அரசாங்கம் பரிசுப்பணமும் வழங்கிற்று. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முன் மூன்றாண்டும் நிரம்பாத காலத்தில் 3,500 யானைகளுக்கும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்கும் இத்தகைய பரிசு கொடுக்கப்பட்டதாக எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார்.

இவற்றின் விளைவு யாது? கடற்கரை முதல் ஓட்டன் சமவெளிவரை உலாவிய யானை மலைநாட்டினின்றும் மறைந்தது. ஈரவலயத்திலே சிவனொளிபாதமலைக் காட்டிலும் சிங்கராஜ வனத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே இன்று எஞ்சியுள்ளன. கரவனெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களிலே பிறந்து வளரும் நம் சிறுவர் யானையைக் காண்பது பெரகராவிலும் கோயில் விழாவிலுமே. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. காட்டை அழித்து நட்ட தொழிலாளிக்கு அந்நிலத்தில் ஒரு சாண் அகலமேனும் உரித்தாகவில்லை. யானை இழந்த நிலத்தை அவனும் பெற்றிலன். லயத்தின் ஓர் அறையே அவன் பங்காயிற்று.

காவல்வனம் தோன்றிய வகை

வேட்டையாடியவர்களே வேட்டைக்கு விலங்கு இல்லாமற் போய்விடுமே என அஞ்சி 1894இல் ஒரு விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் காலப்போக்கில் வேட்டையை விடுத்து இயற்கைப் பாதுகாப்பையே குறிக்கோளாகக் கொண்டது. 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது.

உடவளவையின் வரலாறு இவற்றினின்றும் வேறுபட்டது. யாலையும் வில்பத்துவும் இருந்த காட்டைக் காத்தற்பொருட்டு எழுந்தவை; உடவளவையோ, இழந்த காட்டுக்கு ஈடாக எழுந்தது. நடுமலைநாட்டின் தென்சரிவிலே தோன்றி அம்பலாந்தோட்டைக்கு அருகிற் கடலோடு கலக்கும் வளவை கங்கையை 1960களில் அணையிட்டு மறித்துப் பெரியதொரு நீர்த்தேக்கம் கட்டினர். அதன் நீரால் நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் வயல்கள் தெற்கே பரந்தன. நீரில் மூழ்கிய காட்டிலிருந்தும், வயலாக மாறிய காட்டிலிருந்தும் விலங்குகள் வெளியேறின. அவற்றுக்குப் புகலிடமாகவும், நீர்த்தேக்கத்துக்கு நீர்தரும் நிலத்தைக் காப்பதற்காகவும் 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி 30,821 ஹெக்டயர் நிலம் காவல்வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அந்நிலமும் மனிதர் காணாத கன்னிக்காடு அன்று. அங்கே சேனைப் பயிர் செய்தோர் இருந்தனர். சேனையாவது, காட்டில் ஒரு துண்டை எரித்து ஓரிரு போகம் பயிரிட்டுப் பின் அதனைக் கைவிட்டு வேறிடம் பெயர்தல். பிரகடனத்தின்பின் அவர்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். ஆகவே உடவளவையில் இருதிறத்தார் இடம்பெயர்ந்தனர்: நீர்த்தேக்கத்தினால் விலங்குகளும், விலங்குகளின்பொருட்டு மனிதரும். காவல்வனம் எதனையும் விலையின்றிப் பெற்றிலோம் என்பதற்கு இதுவே சான்று.

வனத்துட் கண்டவை

கரவனெல்லையினின்றும் விடியுமுன் புறப்பட்டு அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, கொடக்கவெலை வழியாகச் செல்வோர் இலங்கையின் இரு வலயங்களை ஒரே நாளிற் காண்பர். முதற்பாதி இறப்பரும் தேயிலையும் மாணிக்கக் குழிகளும் மழையும். பிற்பாதி வெயிலும் செம்மண்ணும் முட்புதரும். எம்பிலிப்பிட்டியப் பக்கத்தை அடையுங்கால் காற்றிலிருந்த ஈரமே மறைந்துவிடுகின்றது. எம்முடன் வந்த மாணவர் பலர் இறப்பர் நிழலிலேயே வளர்ந்தவர். வானத்தின் முழு வட்டத்தையும் ஒருங்கே கண்டது அன்றுதான் என்று அவருள் ஒருவர் கூறினார்.

வனத்தின் வாயிலிலே சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவரோடு ஜீப்பிற் செல்லவேண்டும். இறங்குதல் கூடாது, உரக்கப் பேசுதலும் கூடாது. அடர்ந்த காட்டை எதிர்பார்த்துச் செல்வோர் முதலில் ஏமாற்றமடைவர். பெரும்பகுதி புல்வெளியும் புதர்க்காடும். ஆற்றோரங்களில் மருதும், உள்ளே முதிரை, கருங்காலி முதலிய உறுதியான மரங்களும் உள. பழைய சேனை நிலங்களே புல்வெளிகளாயின. ஆபிரிக்காவிலிருந்து கால்நடைத் தீவனமாகக் கொணரப்பட்ட கினிப்புல் அங்கே ஆளுயரம் வளர்ந்து யானைக்குப் பேருணவாகின்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடியோ அப்புல்லை நெருக்கி அழித்துப் பரவுகின்றது. அதனை யானை விரும்புவதில்லை. அயல்நாட்டுச் செடிகளுள் ஒன்று நட்பும் மற்றொன்று பகையுமாக நிற்றல் காண்க. வேலியிட்டுவிட்டாற் காடு தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது தவறென்பதையும் இச்செடி உணர்த்துகின்றது.

நீர்த்தேக்கத்தின் கரையிலே மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் வெண்மையாக நிற்கின்றன. அவற்றின்மேல் மீன்பிடி கழுகுகளும் நீர்க்காகங்களும் அமர்ந்திருந்தன. கீழே சேற்றில் முதலைகள் கிடந்தன. புள்ளிமான், மரை, காட்டெருமை, மந்தி முதலியன எளிதிற் காணத்தக்கவை. சிறுத்தையும் உண்டெனினும் காண்டல் அரிது. ஆயினும் உடவளவையின் சிறப்பு யானையே. ஆண்டு முழுவதும், எப்பருவத்திலும் யானைக் கூட்டங்களை அங்குக் காணலாம்.

நீர்க்கரையிலே பன்னிரண்டு யானைகள் கொண்ட கூட்டம் ஒன்றை யாம் கண்டோம். அனைத்தும் பிடிகளும் கன்றுகளுமே. களிறு பருவமெய்தியதும் கூட்டத்தை விட்டு நீங்கித் தனித்தோ, பிற களிறுகளோடோ திரியும். கூட்டத்தின் நடுவே கன்று ஒன்று தாயின் வயிற்றின்கீழ் நின்றது. ஜீப்பைக் கண்டதும் பெரிய பிடிகள் அதனைச் சூழ்ந்து நின்றன. ஓசை எதுவும் எழவில்லை. அப்பால் தனித்து நின்ற களிற்றின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே கருநிறக் கோடாக நீர் வழிந்திருந்தது. அதுவே நம் புலவர் போற்றிய மதநீர். கன்னத்திலுள்ள சுரப்பியினின்றும் அது பெருகுங்காலத்திற் களிறு பிடியை நாடித் திரியும், எளிதிற் சினங்கொள்ளும்.

அக்களிற்றுக்குக் கொம்பில்லை. இலங்கைக் களிறுகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. கொம்புடையதைக் கொம்பன் என்றும் கொம்பில்லாததை அலியன் என்றும் நம்மவர் வழங்குவர். கொம்பில்லாமையே தந்த வேட்டையினின்றும் இந்நாட்டு யானைகளை ஓரளவு காத்ததெனலாம்.

2005ஆம் ஆண்டு தொடக்கம் ஷெர்மின் டி சில்வா என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இவ்வனத்து யானைகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு பதிவு செய்துவருகின்றனர். காதின் கிழிசல், மடிப்பு, வாலின் மயிர் முதலியவையே அடையாளங்கள். ஒரு கூட்டத்துப் பிடிகள் எந்நாளும் ஒன்றாகவே இருப்பன என்று கொண்ட எண்ணத்தை அவ்வாய்வு திருத்தியுள்ளது. தோழமை கொண்ட பிடிகள் நாள்தோறும் பிரிந்தும் கூடியும் வாழ்கின்றன. எனினும் அத்தோழமை பல்லாண்டுகள் நிலைக்கின்றது. ஒரே கூட்டமாகக் காணாமையாற் சுற்றம் சிதைந்தது என்று கொள்ளலாகாது என்பது கருத்து.

கன்றுகளின் இடைத்தங்கல் நிலையம்

பிடி ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் சூல் சுமந்து ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்று பிறக்க நான்கைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். ஆதலின் ஒரு கன்றின் இழப்பு எளிதில் ஈடுசெய்யப்படுவதன்று. தாய் சுடப்பட்டோ, வேறு விபத்தினாலோ இறந்தபின் தனித்த கன்றுகளும், கைவிடப்பட்ட கிணற்றிலும் குளத்துச் சேற்றிலும் வீழ்ந்து கூட்டத்தைப் பிரிந்த கன்றுகளும் ஆண்டுதோறும் கண்டெடுக்கப்படுகின்றன. காட்டுப்பன்றிக்கென உணவினுள் மறைத்துவைக்கும் வாய்வெடியைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் இறப்பனவும் உள.

எம் கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975இல் அமைந்த யானைகள் சரணாலயத்தை யாவரும் அறிவர். அங்கு வளர்ந்த கன்றுகள் மனிதரோடு பழகி, அங்கேயே பெருகின. 1984இல் முதற்கன்று அங்குப் பிறந்தது. ஆயின் அவை காட்டுக்குத் திரும்பவில்லை. உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் அமைத்த யானைகள் இடைத்தங்கல் நிலையத்தின் நோக்கம் வேறு. இடைத்தங்கல் என்னும் பெயரே அதனை உணர்த்தும். கன்று அங்குத் தங்கவருவது, மீண்டுஞ் செல்லுதற்பொருட்டே.

மூன்று மணிக்கு ஒருமுறை பால் ஊட்டப்படுகின்றது. உரிய நேரத்தில் வாயில் திறக்கப்பட்டதும் கன்றுகள் வரிசையாக ஓடிவந்து, புனலும் குழாயும் வழியாகப் பாலருந்தி, உடனே அப்புறஞ் செல்கின்றன. பார்வையாளர் சற்றுத் தொலைவிலுள்ள மேடையில் நின்று காணலாம். தொடுதலும் உணவு கொடுத்தலும் இல்லை. இதனைக் கண்ட மாணவர் சிலருக்கு அது கடுமையாகத் தோன்றியது. தாயிழந்த கன்றைத் தடவிக்கொடுத்தல் அன்பன்றோ என்பது அவர்கள் வினா. மனிதனை அஞ்சாத யானை ஊரை நாடிவரும். ஊரை நாடிவரும் யானை சுடப்படும். ஆகவே தொடாமையே ஈண்டு அன்பாகின்றது என விளக்கினோம். கன்றுகள் ஏறத்தாழ ஐந்தாண்டு நிரம்பியதும், ஒன்றாக வளர்ந்த தோழமையோடு குழுவாக விடுவிக்கப்படுகின்றன. 1998 முதல் இவ்வாறு விடுவிக்கப்பட்டவை நூறுக்கு மேற்பட்டவை. அவற்றுட் சில பிடிகள் காட்டிலே கன்றீன்றும் உள்ளன.

ஆபிரிக்க நாட்டுச் செய்தி

இத்தகைய பணி ஆபிரிக்காவிலும் நிகழ்ந்துவருகின்றது. கென்யா நாட்டிலே 1948இல் அமைந்த சாவோ வனம் கிழக்கு, மேற்கு என்னும் இருபகுதிகளையுஞ் சேர்த்து இருபதினாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. உடவளவையோ முந்நூற்றெட்டுச் சதுர கிலோமீற்றரே. சாவோ கிழக்கின் முதற் காவலராகிய டேவிட் ஷெல்ட்றிக் 1977இல் மறைந்தபின், அவர் மனைவி டாப்னி நைரோபி நகரின் அயலிலே தாயிழந்த கன்றுகளை வளர்த்துச் சாவோவிற் சேர்க்கும் நிலையத்தை நடத்தினார். யானைக்கன்று பசுப்பாலைச் செரிக்காது; பல கன்றுகளை இழந்தபின் தேங்காயெண்ணெய் கலந்த பால்மாவே அதற்கு ஏற்றதென அவர் கண்டறிந்தார்.

அத்துணைப் பெரிய வனமும் யானையை முற்றக் காக்கவில்லை. 1970, 1971ஆம் ஆண்டுகளின் வறட்சியிலே ஆயிரக்கணக்கான யானைகள் அங்கு மடிந்தன. அதனையடுத்துத் தந்தத்துக்காகக் கொல்லப்பட்டவையும் ஆயிரக்கணக்கின. 1989இற் கென்ய அரசாங்கம் கைப்பற்றிய தந்தத்தை எரித்தது. அவ்வாண்டே உலக நாடுகள் தந்த வாணிகத்தைத் தடைசெய்ய இசைந்தன. ஆபிரிக்காவிலிருந்து கடத்திச் செல்லப்படுகையிற் கொழும்புத் துறைமுகத்திலே 2012இற் கைப்பற்றப்பட்ட 359 தந்தங்களை 2016ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் காலிமுகத்திடலிலே நொறுக்கி அழித்தனர். ஆபிரிக்க யானையின் விதிக்கும் நம் கடற்றுறைக்கும் தொடர்புண்டு என்பதை இதனால் அறியலாம்.

ஆபிரிக்காவில் யானை தந்தத்துக்காகக் கொல்லப்படுகின்றது. இலங்கையிலோ நிலத்துக்காகக் கொல்லப்படுகின்றது. நோய் வேறாதலின் மருந்தும் வேறாதல் வேண்டும். காவற்காரரும் துப்பாக்கியும் தந்தத் திருடனைத் தடுக்கலாம். தன் குடும்பத்தின் ஓராண்டு உணவைக் காத்துநிற்கும் உழவனை அவ்வாறு தடுத்தல் முறையாகாது.

வேலியும் வழியும்

உடவளவை வனத்தின் தெற்கே தனமல்விலைக்குச் செல்லும் வீதியின் ஓரமாக மின்வேலி செல்கின்றது. அதிலோடும் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வது. தொட்ட யானைக்கு வலியைத் தருமேயன்றிக் கொல்லாது. வேலிக்கு அப்பால் களிறுகள் சில நாள்முழுதும் நிற்றலைக் கண்டோம். வாகனங்களில் வருவோர் பழங்களை நீட்டுகின்றனர். அவை துதிக்கையை நீட்டிப் பெறுகின்றன. காண்போர்க்கு இது களிப்பு. ஆயினும் நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவு புல்லும் தழையும் உண்டு உலவவேண்டிய விலங்கு வீதியோரத்தில் இரந்து நிற்றல் நன்றன்று. பழம் கிடையாத நாளில் அது வேலியைத் தள்ளிப் பார்க்கும். யானையை இரவலனாக்குவோர் அதன் சாவுக்கும் வழிசெய்கின்றனர்.

எங்களோடு வந்த முதிய வழிகாட்டி, தம் தந்தையார் சேனை செய்த இடம் வனத்தினுள் உள்ளதெனச் சிங்களத்திற் கூறிப் புல்வெளியொன்றைச் சுட்டிக்காட்டினார். அங்கே யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தமக்கு இப்பொழுது வனத்துக்கு வெளியே சிறிது வாழைத்தோட்டம் உண்டென்றும், இருமுறை யானை அதனை அழித்ததென்றும் அவர் சொன்னார். அவர் சொல்லில் வெகுளியில்லை. யானையாற் கூலிபெற்று யானையால் நட்டமடையும் அவருடைய நிலையே இப்பிரச்சினையின் முழு உருவமாகும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையிலுள்ள யானைகள் 5,879. பின்னர் நாடளாவிய ஆய்வொன்றைச் செய்த பிருதிவிராஜ் பெர்னாண்டோ முதலியோர், தீவின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கில் யானை உலவுகின்றதென்றும், அப்பங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பகுதியில் மக்களும் குடியிருக்கின்றனரென்றும் கண்டனர். அஃதாவது, யானையின் நாடும் மனிதனின் நாடும் வேறுவேறல்ல. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றிருபது அளவினரான மக்களும் இப்போராட்டத்தில் உயிரிழந்தனர்.

இந்நிலையிலே, யானைகளையெல்லாம் துரத்திக் காவல்வனத்துள் அடைத்து வேலியிடலாம் என்பது பலர் கூறும் வழி. அவ்வாறு செய்த இடங்களில் விளைந்தது யாது? வனத்திலே புல்லும் நீரும் ஓரளவினவே. அடைக்கப்பட்ட கூட்டங்களிலே பிடிகளும் கன்றுகளும் உணவின்றி மெலிந்தன. பயிரை அழிக்கும் களிறுகளோ துரத்தலுக்குத் தப்பி வெளியே நின்றன. களிற்றைப் பிடித்துத் தொலைவனத்தில் விடும் வழியும் ஆராயப்பட்டது. கழுத்திற் கருவி பூட்டி விடப்பட்ட பன்னிரண்டு களிறுகளின் வரலாறு 2012இல் வெளியாயிற்று. சில தம் இடத்துக்கே மீண்டன. சில வழியறியாது அலைந்தன. புதிய ஊர்களிலே புதிய சேதம் விளைந்தது.

எனவே 2020இற் பெர்னாண்டோ தலைமையிலான குழு வகுத்த தேசியத் திட்டம் வேறொரு வழியைக் கூறுகின்றது. யானையைச் சுற்றி வேலியிடாது, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் வேலியிடுக. வயல்வேலியை விதைக்கும்போது நாட்டி, அறுவடை முடிந்ததும் அகற்றுக. தாளடியை யானை மேயட்டும். அவ்வேலியை ஊராரே பேணட்டும் என்பது அதன் சாரம். தன் வயலைக் காக்கும் வேலியை உழவன் தானே கண்ணுங்கருத்துமாகப் பேணுவான். காட்டின் நடுவே, இருபுறமும் யானை நிற்க ஓடும் வேலியை எவர் பேணுவர்?

வேலிக்கு அடுத்தது வழி. யானை ஒரு வனத்தில் மட்டும் வாழும் விலங்கன்று. பருவத்துக்கேற்ப நீரையும் புல்லையும் நாடி இடம்பெயர்வது. உடவளவையைக் கிழக்கே யாலையோடு இணைக்கும் நிலத்தில் லுணுகம்வெகரை வனம் 1995இல் அமைந்தது. வடக்கே போகஹபட்டியக் காட்டுக்குச் செல்லும் வழியாகத் தகையாகலைச் சரணாலயம் உள்ளது. அவ்வழி நிலத்தைப் பயிர்ச்செய்கைக்கு விடுதல் வேண்டும் என்றும், விடுதல் கூடாது என்றும் அண்மை ஆண்டுகளிற் பெருவாதம் நிகழ்ந்தது. நிலமில்லாத உழவனின் வேட்கையை இகழ்தல் எம்மால் இயலாது. ஆனால் யானை செல்லும் வழியிற் கொடுக்கப்படும் காணி உழவனுக்கும் நன்கொடையாகாது. இரவுதோறும் அவன் உயிரைப் பணயம் வைக்கும் காணியாகவே அஃது அமையும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உடவளவை வனம் யானைக்கு நாம் இடும் பிச்சையன்று, பட்ட கடனில் ஒரு பகுதியே என்பது விளங்கும். காட்டை வெட்டியும் ஆற்றை மறித்தும் நாம் பெற்ற தேயிலைக்கும் இறப்பருக்கும் நெல்லுக்கும் உரிய விலையில் இன்னும் கொடுபடாத பங்கு உண்டு. அப்பங்கை உடவளவையிலும் தனமல்விலையிலும் வாழும் ஏழை உழவரே தனித்துச் செலுத்தும்படி விடுதல் நீதியன்று. பயிரிழந்தோனுக்கு உரிய இழப்பீடு காலந்தாழ்த்தாது கிடைத்தல் வேண்டும். ஊர்வேலிகளுக்குப் பொதுப்பணம் செலவிடல் வேண்டும். நிலமற்றோர்க்கு யானைவழியல்லாத இடத்திற் காணி கிடைத்தல் வேண்டும்.

தோட்டத்து மக்களாகிய எமக்கு இது பிறர்கதையன்று. பிறர் ஏவலாற் பெயர்க்கப்பட்டு, பிறர் நிலத்திலே பிறர் வகுத்த எல்லைக்குள் தலைமுறை பலவாக வாழ்ந்தோர், எல்லைக்குள் அடைக்கப்பட்ட உயிரின் துன்பத்தை எளிதில் உணர்வர். கல்லூரிகளிலிருந்து வனங்காணச் செல்லும் மாணவர் வேலியோரக் களிற்றுக்குப் பழம் கொடாது வருவாராக. வனத்தின் படத்தோடு அதன் அயலிலுள்ள ஊர்களின் படத்தையும் சேர்த்துப் பார்ப்பாராக. வனத்துள் யானை எத்தனை என்று வினவுவதோடு, வெளியே அந்த இரவு விழித்திருப்போர் எவர் என்றும் வினவுவாராக. அவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே விடைதேடுவோரே இவ்வனத்தை உண்மையாகக் காப்போராவர்.